தாளில் இருந்த 6 திரையில் 8 ஆனால் விவசாயி என்ன செய்வார்?

மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். காலையில் கதவைத் திறந்தது முதல் இரவு பூட்டும் வரை என் காதில் அதிகம் விழும் வாசகம், "போட்டோ சைஸ் கம்மி பண்ணித் தாங்க" என்பதுதான். இத்தனை ஆண்டுகளாகப் பொறுமையாகச் செய்துகொடுத்தேன். சென்ற ஐப்பசியில் நடந்ததைப் பார்த்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மழையில் நனைந்தபடி வந்தார். அன்றைக்கு அவருக்குத் தாளடி நடவு. நிவாரணத்துக்காக அவர் அனுப்பிய விண்ணப்பம், 'ஆவணம் தெளிவாக இல்லை' என்ற ஒற்றை வரியுடன் இரண்டாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார், அதை எடுத்து மேசையில் விரித்தார். கையால் எழுதியது என்றாலும் ஒவ்வோர் எழுத்தும் அச்சுப்போல் இருந்தது. "வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டுக் குடுத்த தாளுதானே தம்பி, இதுல என்ன தெளிவு இல்லங்குறாங்க?" என்று கேட்டார்.

தாளில் ஒரு குறையும் இல்லை. ஜேபிஜி என்ற பட வடிவில் மட்டுமே இருக்க வேண்டும், 100 கேபியைத் தாண்டக் கூடாது என்று விண்ணப்பத்தை ஏற்றும் இணையத்தளம் விதித்திருந்தது. செல்போனில் எடுத்த படமோ 4 எம்பி, அதாவது அதைப்போல் நாற்பது மடங்கு. திருப்பூரில் வேலை செய்யும் மகன், ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஒரு செயலியில் போட்டு, 100 கேபிக்குள் வரும் வரை நசுக்கி அனுப்பியிருக்கிறார். அந்தக் கோப்பை நான் திறந்து பார்த்தபோது, சர்வே எண்ணின் உட்பிரிவில் இருந்த 6 எது, 8 எது என்று எனக்கே தெரியவில்லை. நசுக்கச் சொன்னவர்களே, நசுங்கிப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

ஜேபிஜி 1992இல் தரப்படுத்தப்பட்ட வடிவம், புகைப்படங்களுக்காகவே உருவாக்கப்பட்டது. படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் கவனிக்காத நுட்பமான மாற்றங்களைக் கழித்துவிடுவதால்தான் அதன் அளவு குறைகிறது. வயல், வானம், முகம் போன்று நிறம் மெல்ல மாறும் படங்களில் இந்த இழப்பு தெரியாது. எழுத்து அப்படிப்பட்டதன்று, வெள்ளைத் தாளில் சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடியும் அந்தக் கூர்மையான விளிம்பையே ஜேபிஜி முதலில் சிதைக்கிறது. எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பதைப்போல் ஓர் அழுக்கு படர்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திறந்து திருத்தி மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இழப்பு சேர்கிறது. வாட்ஸ்அப் படமாக அனுப்பும்போதே அளவைக் குறைத்துவிடுகிறது என்பதால், பெரியவரின் அடங்கல் மகனிடம் போய்ச் சேரும் முன்பே பாதி மங்கியிருந்தது. அதை 'டாகுமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தால் எடுத்தது எடுத்தபடி போயிருக்கும். அதை யார் அவர்களுக்குச் சொன்னார்கள்?

எழுத்துள்ள தாளுக்கு ஏற்ற வடிவம் 1996இலேயே வந்துவிட்டது. பிஎன்ஜி என்ற அந்த வடிவம் எதையும் இழக்காமல் சுருக்கும். ஏ4 தாளை அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற கணக்கில், தூய கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பிஎன்ஜியாகச் சேமித்தால் பெரும்பாலும் 100 கேபிக்குள் அடங்கிவிடும், எழுத்தும் கத்தி முனைபோல் நிற்கும். முத்திரையின் ஊதா நிறமும் தெரிய வேண்டுமென்றால் சில நிறங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தளம் பிஎன்ஜியைத் தொடவே மறுக்கிறது. முகத்துக்கு வகுத்த விதியை அடங்கலுக்கும் பத்திரத்துக்கும் வகுத்தவர், ஒரே ஒரு முறையாவது தன் வீட்டுப் பத்திரத்தை அப்படி ஏற்றிப் பார்த்திருப்பாரா? (ஏற்கெனவே ஜேபிஜியாக இருக்கும் புகைப்படத்தைப் பிஎன்ஜியாக மாற்றினால் போன தெளிவு திரும்பாது, கோப்பு மட்டும் பல மடங்கு பெருக்கும். அதையும் செய்துகொண்டு வருகிறார்கள்.)

விண்ணப்பப் பக்கத்தில் ஒரு சொல் விளக்கம் கிடையாது. 4000க்கு 3000 என்று எடுக்கும் கேமராவில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. தாளைச் சுற்றியிருக்கும் திண்ணையும் பாயும் அதில் பாதி. முதலில் ஓரங்களை வெட்டுங்கள், அடுத்துப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறத்தை நீக்குங்கள், தரத்தைக் கடைசியில் தொடுங்கள் என்று நான்கு வரி எழுதினால் எத்தனை பேர் பிழைப்பார்கள்! எல்லாப் புள்ளிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்குவதால்தான் படம் கூழாகிறது.

கூத்தாநல்லூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேறு துன்பம். சிங்கப்பூர் மாமா வாங்கித் தந்த ஐபோன், 2017 முதல் எச்இஐசி என்ற வடிவில் படத்தைச் சேமிக்கிறது. அது ஜேபிஜியைவிடச் சிறியது, நல்லது. ஆனால் விண்ணப்பத் தளங்கள் அதை ஏற்பதில்லை. பிள்ளைகள் கோப்பின் பெயரில் வால் எழுத்தை மட்டும் ஜேபிஜி என்று மாற்றிவிட்டு வருகிறார்கள். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறுமா? 'கோப்பு செல்லாது' என்று வந்ததும், கடைசித் தேதியின் இரவில் அழுதுகொண்டு நிற்கிறார்கள். போனின் கேமரா அமைப்பில் ஒரே ஒரு தேர்வை மாற்றினால் அடுத்த படம் முதல் ஜேபிஜியாகவே வரும். பள்ளியில் எதையெல்லாமோ சொல்லிக்கொடுக்கிறோம், இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இன்னொரு கொடுமை, 20 கேபிக்குக் குறைந்தாலும் செல்லாது என்பது. தெளிவாக இருக்கும் 14 கேபி படத்தை ஊதிப் பெருக்கித் தர வேண்டியிருக்கிறது.

எனக்குக் கோபத்தைவிடப் பயம் தருவது வேறொன்று. வழி தெரியாத மக்கள், கூகுளில் முதலில் வரும் ஏதோ ஓர் இலவசத் தளத்தில் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் ஏற்றுகிறார்கள். அந்தக் கோப்பு எந்த நாட்டுக் கணினியில், யார் கையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஸ்குவூஷ் போன்ற கருவிகள் படத்தை வெளியே அனுப்பாமல் நம் உலாவிக்குள்ளேயே மாற்றித் தருகின்றன. என் கடையில் அதைத்தான் பயன்படுத்துகிறேன், கேட்பவர்களுக்கும் காட்டுகிறேன்.

இந்த வேலையை மக்கள் தலையில் கட்டியதே முதல் தவறு. 5 எம்பி படத்தை அப்படியே வாங்கி, வேண்டிய வடிவத்துக்கும் அளவுக்கும் தங்கள் கணினியிலேயே மாற்றிக்கொள்ள விண்ணப்பத் தளத்தை நடத்துபவர்களால் முடியும். அதைச் செய்யும் இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் 1990லேயே வெளிவந்துவிட்டது. ஒரு நிரலாளர் ஒரு நாள் உட்கார்ந்தால் முடியும் வேலைக்காக, டெல்டா முழுவதும் ஆயிரக்கணக்கானோர் பேருந்து ஏறிக் கடை கடையாக அலைகிறார்கள்.

பெரியவரின் அடங்கலை நானே புதிதாக ஸ்கேன் செய்து, ஓரம் வெட்டி, சாம்பல் நிறமாக்கி, 96 கேபியில் ஏற்றிக்கொடுத்தேன். 6 என்பது 6 ஆகவே தெரிந்தது. அந்த முறை விண்ணப்பம் திரும்பவில்லை. ஆனால் அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. வரப்பில் நின்று பார்க்க ஆளில்லாததால் நடவு ஆட்கள் வேறு வயலுக்குப் போய்விட்டார்கள் என்றும், இரண்டு மா நிலத்துக்குப் பறித்து வைத்த நாற்று முடிச்சு முடிச்சாகத் தண்ணீரில் கிடந்தது என்றும் மறுவாரம் வந்தபோது சொன்னார்.