எங்கள் வார்டு மெயின் ரோட்டை நடந்து கடக்க ஒரு வழி வேண்டும்

ரோடு நான்கு வழியான பிறகு எங்கள் வார்டு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேற்கே வீடுகள், அங்கன்வாடி. கிழக்கே பனியன் கம்பெனிகள், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், அரசுப் பள்ளி. இந்தப் பக்கம் இருப்பவர்கள் தினமும் அந்தப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். நடந்து கடக்க முறையான இடம் ஒன்றுகூட இல்லை. வரும் நகர்மன்றக் கூட்டத்தில் இதற்கு ஒரு தீர்மானம் போடுங்கள் என்று கவுன்சிலர்களான உங்களிடம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

பனியன் கம்பெனிகளில் ஒரு ஷிப்டோடு அரை ஷிப்டும் சேர்த்துப் பார்க்கிற ஒன்றரை ஷிப்ட் முடிகிற நேரத்தில், ராத்திரி எட்டரை மணிவாக்கில் அங்கே வந்து பாருங்கள். தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் வேலை, தையலுக்கு உதவியாகத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை முடிந்த பெண்கள் டிபன் பையைத் தோளில் மாட்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் உயர டிவைடரில் ஏறி இறங்குகிறார்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பையன்கள் கும்பலாகச் சேர்ந்து கையைக் காட்டிக்கொண்டே ஓடுகிறார்கள். வண்டிகள் திரும்ப ஒரு இடைவெளி விட்டிருக்கிறார்கள், அது பெட்ரோல் பங்க் தாண்டி. நாளெல்லாம் நின்று வேலை பார்த்த காலோடு அங்கே போய்ச் சுற்றி வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பகலில் ரேஷன் கடைக்கு வருகிற வயசான அம்மிச்சிமார்கள் நிலைமை இன்னும் மோசம். "ஏஞ் சாமி, கையப் புடிச்சு அக்கட்டால உட்டுருங்" என்று போகிற வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டு, கையில் பையோடு வெயிலில் நிற்கிறார்கள்.

பார்த்துக் கடந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். சரி, கணக்கையே பார்ப்போம். நான்கு வழிக்கு தார் மட்டுமே 14 மீட்டர். சாதாரணமாக நடப்பவர் வினாடிக்குச் சுமார் 1.2 மீட்டர் போவார். கடக்க 12 வினாடி ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அந்த 12 வினாடியில் 165 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எங்கள் இடத்தில் ரோடு வளைகிறது, வளைவை ஒட்டி லாரிகள் வேறு நிற்கின்றன. அதில் பாதி தூரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு பார்த்துக் கடந்தாலும் நடுவில் மாட்டிக்கொள்வோம். வயசானவர்களுக்கு 12 வினாடி எங்கே போதும்?

டிவைடர் நடுவே ஆள் நிற்கிற அளவுக்கு அகலமாக ஒரு இடம் விட்டால் நிலைமை மாறிவிடும். ஒரு தடவைக்கு 7 மீட்டர், 6 வினாடி, ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் பார்த்தால் போதும்.

பலரும் ஸ்பீட் பிரேக்கர் கேட்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டி எழுப்புகிற செங்குத்து மேடு வேண்டவே வேண்டாம். வெள்ளைக் கோடும் விளக்கும் இல்லாத மேட்டில் டூவீலர்காரர் விழுவார். ரோடுகளுக்கான தர அளவுகளை வகுக்கிற அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் இதற்கு அளவு வைத்திருக்கிறது: வண்டி போகிற திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வண்டிகள் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்குகிற மாதிரி. அதைவிட, ஜீப்ரா கிராசிங்கையே தட்டையான மேடாகத் தூக்கிக் கட்டுவது நல்லது என்பது என் எண்ணம். வண்டியின் வேகமும் குறையும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் லேசாக இருக்கும். எது சரி என்று பொறியாளர்கள் வந்து அளந்து முடிவு செய்யட்டும். வந்து அளக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

நகராட்சியில் கேட்டால், "அது ஹைவேஸ் ரோடுங்க" என்று பதில் வருகிறது. ரோடு அவர்களுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். எரியாத தெருவிளக்கு யாருடையது? சாக்கடை மேல் உடைந்து கிடக்கிற சிலாப்? நடைபாதையை அடைத்து நிற்கிற கடைப் பலகைகள்? இவை நகராட்சி வேலை, இவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கிராசிங்குக்கு நெடுஞ்சாலைத் துறைதான் மனசு வைக்க வேண்டும் என்றால், அவர்களுக்கும் கலெக்டர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் தீர்மானம் போட்டு அனுப்புங்கள். தனி ஆள் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிற மனுவுக்கும் நகர்மன்றத் தீர்மானத்துக்கும் ஒரே எடை கிடையாது. எங்களுக்காகப் பேசத்தான் உங்களுக்கு ஓட்டுப் போட்டோம்.

இதை யாரும் சலுகையாக நினைக்க வேண்டாம். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகள் பற்றி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். நம்ம கொங்கு மண்ணிலிருந்து போன வழக்கு. அதில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தருகிற உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். எங்கள் வார்டிலிருந்து யாரும் அந்தக் கணக்கில் சேர்வதற்கு முன்னால் வேலை நடக்க வேண்டும்.

வார்டு மக்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கோரிக்கைக்கான கையெழுத்துப் படிவத்தை பஸ் ஸ்டாப் பக்கத்து மளிகைக் கடையில் வைத்திருக்கிறோம். நம்ம பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசுகிற அடுத்த ஏரியா சபைக்கும் எல்லோரும் வாருங்கள், முக்கியமாக ஷிப்ட் போகிற அக்காமார்கள். அப்புறம், இந்தி தெரிந்தவர் யாராவது ஒரு சாயங்காலம் கூட வந்தால் வடமாநிலப் பையன்களிடமும் விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடலாம்.