ஒரு நாள் புறக்கணித்தால் விலை இறங்காது

"வர்ற ஞாயிறு யாரும் பெட்ரோல் போடாதீங்க, கம்பெனிக்காரன் தானா விலையக் குறைப்பான்" என்று ஒருவர் பதிவு போட்டிருக்கிறார். நடக்காது. ஞாயிறு போடாதவர் சனியிலோ திங்களிலோ போடுவார். வண்டி அதே கிலோமீட்டர்தான் ஓடும். அந்த வாரத்தின் மொத்த விற்பனை மாறாது. பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் சரக்கு ஒரு நாள் கூடுதலாகத் தங்கும், அவ்வளவே. டீலருக்கு அன்றைய கமிஷன் குறையும், அதுவும் மற்ற நாளில் ஈடாகிவிடும்.

2017 ஜூன் 16 முதல் விலையைத் தினமும் மாற்றலாம் என்பது ஏற்பாடு. ஆனால் தேர்தல் சமயத்தில் மாதக்கணக்கில் அசையாமல் நின்றதையும் பார்த்தோம்! பங்க் விலையில் பெரிய பங்கு சர்வதேச விலை, டாலர் மதிப்பு, மத்திய கலால் வரி, மாநில வாட் வரி. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது வரிக்குறைப்பால்தான்.

செலவு குறைய வேண்டுமென்றால் லிட்டர் குறைய வேண்டும். டயர் காற்றை வாரம் ஒருமுறை, ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். பைக் செயின் தொய்வு கையேட்டிலுள்ள அளவில் இருக்கட்டும். ரொம்ப இறுக்கினாலும் உராய்வு கூடும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் மாற்றுங்கள். மணிக்கு 45–50 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் போங்கள்.

அளவில் சந்தேகமா? பங்க்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்கும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.