தங்கவயலில் எந்த வீட்டைப் படம் எடுக்கிறீர்கள்?

கர்நாடகத்தில் இருக்கும் கோலார் தங்கவயல் பற்றி மாதத்துக்கு ஒரு பதிவாவது கண்ணில் பட்டுவிடுகிறது. ஓடு வேய்ந்த பங்களா, அகலமான வராண்டா, பழைய கிளப், கோல்ஃப் மைதானம். கீழே, 'குட்டி இங்கிலாந்து, எப்படி இருந்த ஊர், இப்படி ஆயிடுச்சே' என்று ஒரு பெருமூச்சு. என் தாத்தா அங்கே சாம்பியன் ரீஃப்ஸ் என்ற தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். எனக்கு அந்தப் பெருமூச்சு வர மாட்டேன் என்கிறது.

பங்களாக்கள் துரைமார்களுக்குக் கட்டியவை. 1880-ல் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வந்ததற்கு அப்புறம் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து ஆள் கூட்டி வந்தார்கள், பெரும்பாலும் சேரிகளில் இருந்து. அவர்களுக்குக் கிடைத்தது லைன். முதலில் மூங்கில் தட்டி வைத்த குடிசை, பிறகு ஒட்டு ஒட்டாக ஒரே அறை வீடுகள். எங்கள் தாத்தா வீட்டில் ஏழு பேர். அவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் எழுந்து வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் இடம். கக்கூஸ் லைனுக்கே பொது.

காவிரியில் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்தில் இருந்து 1902-லேயே தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது, பெங்களூருக்கே 1905-ல்தான் என்று எல்லோரும் பெருமையாக எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் அது வந்தது சுரங்கத்து இயந்திரங்களுக்காக. எங்கள் பாட்டி கடைசி வரை சிமினி விளக்குக் கதைதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாத்தா இறங்கிய சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பாறை வெடித்தால் மேலே லைனில் பாத்திரம் ஆடும், பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். வெடியில் தப்பித்தவர்களையும் நுரையீரலில் படிந்த கல்தூசி விடவில்லை. தாத்தாவின் இருமலை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், அதை இங்கே எழுத வேண்டாம்.

சரி, 28 பிப்ரவரி 2001 அன்று சுரங்கத்தை மூடினார்கள். 120 வருடத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்த இடம். துரைமார்கள் எப்போதோ போய்விட்டார்கள், அப்புறம் வந்த அதிகாரிகளும் ஓய்வு வாங்கிக்கொண்டு பெங்களூரில் வீடு கட்டிப் போனார்கள். ராபர்ட்சன்பேட்டையில் கடைத்தெரு இன்றும் கூட்டமாகத்தான் இருக்கிறது. பெமல் என்ற அரசு நிறுவனத்தின் குடியிருப்பான பெமல் நகர் பக்கம் போனால் மரமும் வரிசையான குவார்ட்டர்ஸுமாக, அது வேறு ஊர் மாதிரி. அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம், மாரிக்குப்பம் வந்துவிடும். அங்கே பெரியம்மா இன்னும் அதே லைனில் இருக்கிறார்.

வீட்டுக்குப் பின்னால் சயனைடு மேடு. சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண், மலை மலையாக நிற்கிறது. சினிமாக்காரர்கள் வந்து பாட்டும் சண்டையும் எடுக்கிறார்கள், படத்தில் பாலைவனம் மாதிரி அழகாகத்தான் தெரியும். ஆடிக்காற்று அடித்தால் அந்த மண் அப்படியே லைனுக்குள் இறங்கும். பெரியம்மா சோற்றுப் பானையை ஈரத்துணி போட்டு மூடுவார், கதவிடுக்கில் கோணி சொருகுவார், அப்படியும் சாப்பிடும்போது பல்லில் நறநறக்கும். காற்று பங்களா, லைன் என்று பார்த்து வீசாதுதான், ஆனால் மேட்டை எங்கே கொட்டுவது என்று யாரோ ஒருவர் பார்த்துத்தானே முடிவு செய்திருப்பார்?

பெரியம்மாவின் இரண்டு மகன்களும் விடியற்காலை இருட்டில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரிதான் திரும்புகிறார்கள். ஒருவன் செக்யூரிட்டி, ஒருவன் ஏசி மெக்கானிக். அந்த ரயில் பெட்டிக்குள் சீட்டுக்கச்சேரி, தூக்கம், கல்யாணப் பேச்சு எல்லாம் நடக்கும், ஊரில் பகலில் வயதானவர்களும் குழந்தைகளும்தான். பெங்களூரிலேயே தங்கிவிடலாமே என்று கேட்டால், அட்வான்ஸ் யார் கொடுப்பது என்கிறார்கள்.

போன மாதம் போயிருந்தபோது சுவரில் ஒரு விரிசல், கை நுழையும் அளவுக்கு. பூசிவிடலாமே பெரியம்மா என்றேன். 'இடம் நம்ம பேர்ல இல்லையேப்பா, நாளைக்குக் காலி பண்ணச் சொன்னா பூசின சிமெண்டைச் சுரண்டி எடுத்துக்கிட்டா போக முடியும்?' என்றார். பெரியப்பா பதினெட்டு வயதில் சுரங்கத்தில் சேர்ந்தவர், மூடும் நாள் வரை வேலை பார்த்தவர். அவருடைய பழைய அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறார் பெரியம்மா, பட்டா தரும்போது கேட்பார்களாம்.