தெளிஞ்சிடுச்சுன்னு யார் சொன்னது?

சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, ஒன்பது மணிவாக்கில் ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டு மண்டபத்து மாடியில் ஜமக்காளத்தில் ஒருக்களித்துப் படுத்தேன். கரண்ட் போய் ஃபேன்கூட நின்றுவிட்டது, அறை மட்டும் நிற்கவில்லை. உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி வைத்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

மூளைக்கு ஏறிவிட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது பாதிதான், மீதி காதில் இருக்கிறது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழல், அதில் திரவம், ஒவ்வொன்றிலும் ஜெல்லி மாதிரி குட்டித் தடுப்பு ஒன்று, பெயர் குப்புலா. தலை திரும்பும்போது அது வளையும், அந்த வளைவை வைத்துத்தான் 'சுற்றுகிறோம்' என்று மூளைக்குத் தெரியும். திரவமும் குப்புலாவும் ஒரே அடர்த்தி என்பதால் சும்மா படுத்திருந்தால் வளையாது. ஆனால் ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு, ஒரு மில்லி 0.79 கிராம்தான், ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிற குப்புலாவில்தான் அது முதலில் ஊறும், அரை மணி நேரத்தில் குப்புலா மிதக்க ஆரம்பிக்கும், நாம் கட்டை மாதிரி கிடந்தாலும் காது சுற்றுகிறது என்று சத்தியம் பண்ணும், அதை நம்பிக் கண்ணும் ஒரு பக்கமாகத் துடிக்கும்.

மூன்று நான்கு மணி நேரத்தில் திரவத்திலும் ஊறிச் சமமாகிவிடும். 'தெளிஞ்சிடுச்சு' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இடைவேளையைத்தான். அப்புறம் சாராயம் முதலில் வற்றுவதும் குப்புலாவில்தான், இப்போது அது கனம், கண் எதிர்ப்பக்கம் துடிக்கும். ரத்தத்தில் சாராயம் சுத்தமாக இறங்கிய பிறகும் இது சில மணி நேரம் ஓடும்.

1974இல் கனடா ஆராய்ச்சியாளர் கென் மணி (நம்மூர் மணி இல்லை) இன்னொருவரோடு சேர்ந்து ஆட்களுக்குக் கன நீரை, அதாவது சாதாரணத் தண்ணீரைவிட எடை கூடிய தண்ணீரை, குடிக்கக் கொடுத்துப் பார்த்தார், சாராயம் குடித்தால் துடிப்பதற்கு எதிர்ப்பக்கமாகக் கண் துடித்தது. சாராயத்தோடு சேர்த்துக் கொடுத்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு துடிப்பு போய்விட்டது. எடைதான் விஷயம் என்பது அதில் தெரிந்துபோனது.

விடிகாலையில் வாந்தி வருகிற மாதிரி உட்கார்ந்திருந்தபோது மாமா, "மாப்ள, ஒரு கட்டிங் போடு, நின்னுடும்" என்றார். எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது பொய்யில்லை. கனத்த குப்புலா திரும்ப லேசாகும், நிற்கும், அப்புறம் எல்லாம் முதலிலிருந்து.

சட்டம் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறது, அதைத் தாண்டாவிட்டால் சரி என்று எல்லாரும் வண்டியை எடுக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைக்கு ஏழு மணிக்குப் பூ வாங்க பைக்கில் போனேன், கடை போர்டைப் பார்க்கத் தலையைச் சாய்த்தேன், ரோடு ஒரு பக்கமாக வழுக்கியது, சட்டென்று காலை ஊன்றிக்கொண்டேன். ஊதச் சொல்லியிருந்தால் பாஸாகியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.