600 வாட் கெட்டில் வாங்கினால் கரண்ட் பில் பாதியாகுமா?

"1500 வாட் கெட்டிலை மாற்றி 600 வாட் வாங்குங்கள், கரண்ட் பில் பாதியாகும்" என்று ஊட்டி, குன்னூர் பக்கம் வாட்ஸப்பில் சுற்றும் தகவல் தவறு.

வாட் என்பது வேகம் மட்டுமே. மீட்டரில் ஏறுவது வாட்டும் நேரமும் சேர்ந்த கணக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். 12 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 0.1 யூனிட் வேண்டும், எந்தக் கெட்டிலானாலும். 1500 வாட்டில் நான்கு நிமிடம், 600 வாட்டில் பத்து நிமிடம். மலைக் குளிரில் அந்தப் பத்து நிமிடமும் பாத்திரம் வெப்பத்தை இழப்பதால், சின்ன வாட்தான் சற்றுக் கூடுதலாக இழுக்கும்.

உண்மையான வீண் செலவு மூடியில் இருக்கிறது. மூடி சரியாகப் படியாவிட்டால் ஆவி ஸ்விட்சை எட்டாது, கெட்டில் தானாக அணையாது. 1500 வாட்டில் ஒரு நிமிடம் வீணாகக் கொதித்தால் 0.025 யூனிட், அதாவது ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்கும் 0.1 யூனிட்டில் கால் பங்கு போச்சு! இரண்டு டம்ளர் டீக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். 'மினிமம்' கோட்டுக்குக் கீழே மட்டும் போகவேண்டாம்.

தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், பருப்புக்குத் திறந்த பாத்திரம் இங்கே சரிவராது. ஊறவைத்து, ஆளுக்கேற்ற சின்ன குக்கரில் வையுங்கள். உள்ளே 115 டிகிரி வரை ஏறும்.