கிட்டங்கிக்குள் ஒரு குளிர்காலம்

நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்புக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். நோன்பன்று இரவு பள்ளத்தூர் வீட்டின் வளவில் பங்காளிகளும் உறவினர்களும் கூடியிருந்தபோது, பேச்சு முழுவதும் என் அண்ணன் மகனைச் சுற்றியே இருந்தது. காரைக்குடியில் பொறியியல் முடித்த அவன், தை பிறப்பதற்கு முன்பே மேற்படிப்புக்காகக் கனடாவுக்கு விமானம் ஏறுகிறான். ஆளுக்கோர் அறிவுரை சொன்னார்கள். எல்லாவற்றையும் பிழிந்தால் மிஞ்சியது ஒன்றுதான்: குளிர்காலம் முடியும்வரை வெளியில் தலைகாட்டாதே. சொன்னவர்களில் பாதிப் பேர் கொடைக்கானலைத் தாண்டிய குளிரைப் பார்த்ததில்லை என்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் பல ஆண்டுகளாக டொராண்டோவில் வசிக்கும் உறவினர் ஒருவரே, "காலேஜ் விட்டா வீடு, வீடு விட்டா காலேஜ்னு இருந்துக்கப்பா, ஏப்ரல்ல எல்லாம் சரியாயிரும்" என்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நோன்பின் இழை எடுத்துக்கொள்ளும் என் முறை வந்துவிட்டது. 21 நூலிழைத் திரி எரியும் இழை மாவைச் சுடரோடு வாயில் போட்டுக்கொண்டவளால் என்ன பதில் சொல்ல முடியும்? சொல்லாமல் விட்ட அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆட்டவாவில் 14 ஆண்டுகளாக வசிக்கிறேன். முதல் மூன்று குளிர்காலங்களை அந்த உறவினர் சொன்ன வழியில்தான் கழித்தேன். டிசம்பரில் அங்கே மாலை 4:20-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அலுவலகத்திலிருந்து இருட்டில் வந்து, வீட்டின் கீழ்த்தளத்தில் ஹீட்டரைக் கூட்டிவைத்து, தொடர் நாடகங்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். சனிக்கிழமை யாராவது ஒரு தமிழர் வீட்டில் கூடுவோம். கூடினால் இட்லி மாவு ஏன் பொங்கவில்லை என்பதும், ஊருக்கு எந்த விமானத்தில் டிக்கெட் மலிவு என்பதுமே பேச்சாக இருக்கும். மூன்றாவது பிப்ரவரியில் ஒருநாள், காரணம் ஏதுமின்றிச் சமையலறையில் நின்று அழுதேன். வெயில் காணாத மாதங்களில் மனம் சோர்வது அந்த நாட்டில் பலருக்கும் நேர்வதுதான் என்றும், பகல் வெளிச்சத்தில் தினமும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். மருந்தைவிட அந்த நடைதான் எனக்குக் கடினமாகத் தோன்றியது.

பின்னாளில் யோசித்துப் பார்த்தபோது, நாங்கள் வாழ்ந்தது புதிய வாழ்க்கை அல்ல என்று புரிந்தது. அதற்கு எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: கிட்டங்கி. கடல் கடந்து தொழில் செய்ய, அதாவது கொண்டுவிற்க, போன நகரத்தார், சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் நீண்ட கூடங்களில் பெட்டியையும் கணக்கு மேசையையும் போட்டு, பகலில் தொழில் செய்த அதே தரையில் இரவில் பாய் விரித்துப் படுத்தார்கள். சமையலுக்கு ஊரிலிருந்து ஆள் வந்தார். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, ஏஜெண்டாக உயர்ந்தவர்கள் மூன்றாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். எங்கள் ஐயாவும் பர்மாவில் அப்படி இருந்தவர்தான். அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்றாண்டு முடிந்தால் கப்பல் என்ற உறுதி இருந்தவருக்கு, போன ஊரின் பருவத்தோடு உறவாட வேண்டிய தேவை இல்லை. நாமோ வீடு வாங்கி, 25 ஆண்டுக் கடனும் வாங்கி, பிள்ளைகளையும் அங்கேயே வளர்க்கிறோம். ஆனால் நவம்பர் வந்ததும் கிட்டங்கிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஆண்டில் ஐந்து மாதத்தை இப்படிக் கழித்தால், 14 ஆண்டில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அங்கே வாழாமலேயே போய்விடுகின்றன.

அந்தக் காலத்திலும் எல்லாரும் உள்ளேயே இருந்துவிடவில்லை என்பதற்கு நம் பந்தியிலேயே சாட்சி இருக்கிறது. செட்டிநாட்டுத் திருமணத்தில் கவுனி அரிசி இல்லாமல் இலை நிறையுமா? அந்தக் கறுப்பரிசி பர்மாவிலிருந்து வந்தது. யாரோ ஒரு செட்டியார், தன் சமையற்காரர் வைத்த குழம்பை ஒருநாள் ஒதுக்கிவிட்டு, ஒரு பர்மியர் வீட்டிலோ தெருக்கடையிலோ அதைத் தின்று பார்த்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்வேன். எனக்கு அந்தப் பெயர் தெரியாத மனிதரைப் பிடிக்கும்.

என் பார்வையில், நம்மை வீட்டுக்குள் பூட்டுவது குளிர் இல்லை. நாற்பது வயதில் பத்துப் பேர் பார்க்க ஒன்றும் தெரியாதவராக நிற்பதில் உள்ள கூச்சம்தான். நான்காவது குளிர்காலத்தில், பெரியவர்களுக்கான ஐஸ் ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். வாடகைக்கு எடுத்த ஸ்கேட்டின் கயிற்றைக் கட்டுவதற்கே எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும், கணுக்கால் வளையும் இடத்தில் பல்லைக் கடித்து இழுத்தும் கட்ட வேண்டும். நான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, புடவைக் கொசுவத்தைச் செருகுவதுபோல நளினமாகக் கட்டியிருந்தேன். எழுந்து நின்றதும் இரண்டு கணுக்காலும் உள்பக்கமாக மடிந்தன. அவிழ்த்து மறுபடி கட்டினேன். பயிற்சி தந்த பெண்ணுக்கு வயது இருபதுகூட இருக்காது. சறுக்குவது எப்படி என்று அவர் தொடங்கவே இல்லை. முதல் வகுப்பு முழுவதும் விழுவதற்கும் எழுவதற்குமே போயிற்று. விழப்போகிறோம் என்று தெரிந்தவுடன் முழங்காலை மடித்து உடலைத் தாழ்த்தி, பின்னால் சாயாமல், இடுப்புப் பக்கமாகச் சரிய வேண்டும். கையை ஊன்றித் தடுக்கப் பார்த்தால் மணிக்கட்டு போய்விடும். பிறகு மண்டியிட்டு, ஒரு காலை முன்னே வைத்து, அதன்மேல் இரு கையையும் ஊன்றி எழ வேண்டும். அன்றைக்கு நான் எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணவில்லை. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி என்னைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்துவிட்டு, தலைக்கவசத்தைச் சரிசெய்துகொள்ளும்படி எனக்கு அறிவுறுத்திச் சென்றாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ரிடோ கால்வாயில் இறங்கினேன். அமெரிக்காவோடு போர் மூண்டால் உதவும் என்று 1826-க்கும் 1832-க்கும் இடையில் கட்டப்பட்ட கால்வாய் அது. 202 கிலோமீட்டர் நீளமுள்ள அதை யுனெஸ்கோ 2007-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இலையுதிர்காலத்தில் நீர்மட்டத்தைக் குறைத்துவிடுவார்கள். ஆட்டவா நகருக்குள் வரும் பகுதியில் 7.8 கிலோமீட்டருக்கு உறைந்த நீரைச் சமன்செய்து, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தடிமன் நல்ல ஐஸ் பிடித்த பிறகே பச்சைக் கொடி ஏற்றி மக்களை விடுவார்கள். கட்டணம் கிடையாது. 1971-இல் துடைப்பமும் மண்வாரியும் கொண்டு சில ஆட்கள் ஒரு துண்டுப் பரப்பைச் சுத்தம் செய்ததில் தொடங்கிய வழக்கம் இது. காலையில் அலுவலகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அதன்மேல் சறுக்கியபடி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முதல்நாள் ஒரு கிலோமீட்டர்தான் போனேன். போகும் வழியில் காலடியில் எங்கோ ஆழத்தில், தேர்வடம் முறுக்கேறுவதுபோல ஒரு நீண்ட ஓசை எழுந்தது. ஐஸ் உடைகிறது என்று அலறிக் கரையோரம் ஒதுங்கினேன். குளிர் கூடும்போது ஐஸ் சுருங்கி எழுப்பும் ஓசை அது என்று பக்கத்தில் வந்த ஒரு முதியவர் விளக்கினார். கரையில் விற்கும் பீவர்டெயில் என்ற பண்டத்தை அன்றுதான் முதலில் தின்றேன். கோதுமை மாவை நீளவாக்கில் தட்டி, எண்ணெயில் பொரித்து, பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவித் தருவார்கள். கந்தரப்பத்தின் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் மைனஸ் 15 டிகிரியில் கையுறையைக் கழற்றிவிட்டு எதைச் சூடாகத் தின்றாலும் அமுதமாகத்தான் இருக்கும்.

உடை விஷயத்தில் நம் ஆட்கள் செய்யும் பிழையை நானும் செய்திருக்கிறேன். பனிமேல் நடப்பதற்கான அகலக் காலணியை மாட்டிக்கொண்டு, ஆட்டவாவை அடுத்த கட்டினோ பூங்காவின் காட்டுப் பாதையில் முதன்முறை போனபோது, உள்ளே பருத்தி பனியனும் மேலே மிகத் தடித்த கோட்டும் அணிந்திருந்தேன். அரை மணி நேரத்தில் வேர்த்து ஊற்றியது. ஒரு மேட்டில் ஐந்து நிமிடம் நின்றதும், நனைந்த பனியன் முதுகில் ஐஸ் துணியாக ஒட்டிக்கொண்டது. நம் ஊர் வெயிலில் நம்மைக் காக்கும் அதே பருத்தி அங்கே நம்மை ஏமாற்றிவிடுகிறது. தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் ஓர் அடுக்கு, வெளியே காற்றைத் தடுக்கும் ஓர் அடுக்கு என்று மூன்றாகப் பிரித்து, வேர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்றிவிட வேண்டும். ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை சூடு தரும். காற்றையும் சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28-ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துபோகக்கூடும். ஆகவே அப்படிப்பட்ட நாளில் வீட்டில் இருப்பதே சரி. ஆட்டவாவில்கூட எல்லா நாளும் அப்படி இருப்பதில்லை.

செய்து பார்த்தவை எல்லாம் எனக்குப் பிடித்துவிடவில்லை. மலைச்சரிவில் செய்யும் ஸ்கீயிங் காசையும் தின்றது, முழங்காலையும் தின்றது. ஒரு நாளோடு விட்டுவிட்டேன். உறைந்த ஏரியில் துளையிட்டு, குடிசைக்குள் உட்கார்ந்து மீன் பிடிக்கப் போய், நான்கு மணி நேரம் துளையைப் பார்த்ததுதான் மிச்சம். என் கணவருக்கோ அதுதான் உலகத்திலேயே சிறந்த பொழுதுபோக்கு, போகட்டும்.

மார்ச்சில் மேப்பிள் தோப்புக்குப் போவதை மட்டும் ஓர் ஆண்டும் விடுவதில்லை. இரவில் உறைநிலைக்குக் கீழேயும் பகலில் அதற்கு மேலேயும் வெப்பம் ஏறி இறங்கும் சில வாரங்களில்தான் அந்த மரங்களில் இனிப்பு நீர் ஓடும். ஏறக்குறைய 40 லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு தேறும். கொதிக்கும் பாகைச் சுத்தமான பனியின் மேல் வரிவரியாக ஊற்றி, இறுகும்போது குச்சியில் சுருட்டித் தருவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு எங்கள் அப்பத்தாவின் நினைவு வந்தது. அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வார். அந்தத் தோப்புக்காரரிடம் வெப்பமானி இருந்தது. ஆனாலும் அவர் கரண்டியைத் தூக்கிச் சரித்து, பாகு விழும் விதத்தைப் பார்த்துத்தான் தலையசைத்தார். அவரிடம் அதிரசப் பாகைப் பற்றி என் ஆங்கிலத்தில் விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த ஊரில் அலுவலகத்துக்கு வெளியே நான் பேசிய முதல் நீண்ட உரையாடல் அதுதான். கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தால் அது வாய்த்திருக்காது.

இரண்டு வேலை பார்த்து, இரவுப் பணி முடித்து வந்து படுக்கும் மாணவர்களிடம் இதையெல்லாம் சொல்வது எளிது என்று சிலர் நினைக்கலாம். அது நியாயமான கேள்விதான். அவர்களுக்குத் தூக்கம்தான் முதலில் வேண்டும். நான் பேசுவது, நேரமும் கையில் கொஞ்சம் காசும் இருந்தும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் எங்களைப் போன்றவர்களைப் பற்றி. 2022-23 குளிர்காலத்தில், வரலாற்றில் முதன்முறையாக அந்தக் கால்வாய் திறக்கப்படவே இல்லை. ஐஸ் போதிய அளவு பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டும் சில நாள்களே திறந்திருந்தது. 2025-இல் நன்றாக உறைந்தபோது, ஊரே திருவிழாவுக்குத் திரண்டதுபோல இறங்கியது. குளிர்காலம் எப்போதும் அங்கேயே இருக்கும் என்று எண்ணியிருந்தவர்களில் நானும் ஒருத்தி.

அண்ணன் மகனின் பெட்டியை நேற்று நானே பிரித்து அடுக்கினேன். அவன் அம்மா, என் அண்ணமிண்டி, வைத்திருந்த ஒரு டஜன் பருத்தி பனியனில் எட்டை எடுத்துவிட்டேன். சீப்புச் சீடை டின்னில் கை வைக்கவில்லை. நான் கொண்டுவந்திருந்த கம்பளிக் காலுறையைக் கொடுத்து, தூண்கள் நிற்கும் பத்தியில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லின்மேல் அதைப் போட்டு நிற்கச் சொன்னேன். நோன்புக்காகத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்த தளம் கண்ணாடியாக வழுக்கியது. "முழங்காலை மடி, பின்னால் சாயாதே" என்றேன்.

"விழுந்தா ரொம்ப வலிக்குமா, அயித்தை?" என்று கேட்டான்.

"வலிக்கும்" என்றேன்.

இரண்டாங்கட்டிலிருந்து வந்த எங்கள் ஆத்தா, வயது வந்த பையனை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து என்று என்னைத் திட்டத் தொடங்கியபோது, அவன் பர்மாத் தேக்குத் தூணிலிருந்து கையை எடுத்துவிட்டு அடுத்த தூணை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தான்.