இந்த வருஷத்துக்கு எடுத்த சொல்

வருஷம் பிறந்ததும் சிங்கப்பூரில் இருக்கும் மகள் போனில் கேட்பாள்: "அப்பா, இந்த வருஷம் என்ன சொல் எடுத்திருக்கீங்க?" வருஷம் முழுக்க மனசில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு சொல். நாலு வருஷமாக எங்களுக்குள் இந்தப் பழக்கம். போன வருஷம் நான் எடுத்தது 'வளர்ச்சி'. காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டினேன். ஆடி பிறப்பதற்குள் அந்தச் சீட்டைப் பார்த்தாலே கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பதுபோல ஆகிவிட்டது. என்ன செய்தாலும் பற்றவில்லை.

இந்த வருஷம் எடுத்திருப்பது 'இருப்பு'. அது ஊர் வீட்டில் கிடைத்தது.

நகரத்தார் வீடுகளில் கும்பிடும் பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லாரும் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் கூடியிருந்தோம். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒன்றாகக் கோடி வேட்டியில் எடுத்த 21 நூலைத் திரியாக்கி, இழைமாவு என்கிற இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, பெரியப்பா ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். சுடரோடு வாயில் போட்டுக்கொண்டோம். மறுநாள் சாமான் அறையை ஒதுக்கும்போது, பித்தளைத் தூக்குகளுக்குப் பின்னால் ஐயாவின், அதாவது என் தாத்தாவின், கணக்கு நோட்டு.

ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். 1942-ல் ஜப்பான் படை உள்ளே வந்தபோது எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். நோட்டு அதற்குப் பிறகு எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி. வரவுப் பக்கம் பல நாள் காலி. செலவில் கீரை அரையணா, மண்ணெண்ணெய் ஓரணா. அடியில் ஒரு கோடு இழுத்து, 'இருப்பு 3 ரூபாய் 4 அணா'. மை ஊறிப் பின்பக்கம் வரை தெரிகிறது, அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறார். வரவே இல்லாத நாளிலும் இருப்பு எழுதாமல் நோட்டை மூடவில்லை.

பர்மாவில் நின்றுபோன பணம் அதில் எங்குமே இல்லை. பெரியப்பாவிடம் கேட்டேன். "அது தனிப் பேரேடுப்பா. அதையும் இதையும் ஐயா கலக்கவே மாட்டாக" என்றார்.

நான் அதைத்தான் கலந்துகொண்டிருந்தேன். வாங்காத மனை, வராத பதவி உயர்வு, கூடப் படித்தவன் கட்டிய வீடு, எல்லாவற்றையும் அன்றாடக் கணக்கில் ஏற்றிவிட்டு, கையில் ஒன்றுமே இல்லை என்று படுக்கப் போவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். வாய்க்கும் வயிற்றுக்கும் இழுபறியாக இருக்கிறவரிடம் போய் 'இருப்பது போதும்' என்று சொல்வதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐயாவும் அப்படி உட்கார்ந்துவிடவில்லை. அந்த மூன்று ரூபாயிலிருந்துதான் காரைக்குடியில் சின்னதாகப் பலசரக்குக் கடை போட்டார். கையில் என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது நானும் ராத்திரி ஒரு வரி எழுதுகிறேன். காசுக் கணக்கு இல்லை. சில நாள் என்ன எழுதுவது என்று பத்து நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் வந்துவிடும். நேற்று எழுதியது:

'இருப்பு: வளவு முற்றத்தில் வெயில் வந்தது. முட்டிவலி கொஞ்சம் தேவலை. மாவு மிச்சம் இருக்கிறது, காலையில் வெள்ளைப் பணியாரம்.'

மகளுக்கு அனுப்பினேன். "எனக்கும் நாலு எடுத்து வைங்கப்பா" என்று பதில் போட்டிருக்கிறாள்.